தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி

பிரான்சி டாக்டராகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தென்னூரில் அவள் இருக்கும் தெருவில் இன்றைக்கும் யாராவது ஒருவர் அவளைப் பார்த்ததும் உச்சுக்கொட்டிவிட்டுத்தான் நகர்கிறார். பத்தாம் வகுப்பில் நானூற்று எண்பத்தேழு மார்க் வாங்கிய பெண். இப்போது பத்தொன்பது வயதில் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். திங்கட்கிழமை காலைகளில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குறைதீர்க்கும் நாளுக்கு வருகிறவர்களுக்கு மனு எழுதித் தருகிறாள். உச்சுக்கொட்டுகிறவர்களுக்கு அவள் பதினாறு, பதினேழு வயதில் எங்கே இருந்தாள் என்று தெரியாது. தெரிந்தால் கொட்டமாட்டார்கள்.

எடமலைப்பட்டி புதூர் தாண்டி, மதுரை ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தார்ச்சாலையின் கடைசியில் அந்த உறைவிடப் பள்ளி இருந்தது. பெயர் வேண்டாம். பிள்ளைகள் அதைக் கோட்டை என்பார்கள். சர்வாதிகாரம் நடத்த ஒரு நாடு வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்தச் சுற்றுச்சுவருக்குள் ஒருநாள் இருந்து பார்த்திருக்க வேண்டும். காலை ஐந்து மணிக்கு விசில். ராத்திரி பத்தரைக்கு விசில். நடைபாதை முழுக்கக் கேமரா. ஜன்னலோரம் நிற்கக்கூடாது. உள்ளங்கையைவிடப் பெரிய கண்ணாடி வைத்திருக்கக்கூடாது. தமிழில் பேசக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பத்து நிமிடம் போன் பேசலாம், ஆனால் ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் வார்டன் உட்கார்ந்திருக்கப் பேச வேண்டும். "நல்லா இருக்கேன்ப்பா" என்பதைத் தவிர அந்தப் பத்து நிமிடத்தில் யாரும் எதுவும் சொல்லி நான் கேள்விப்பட்டதில்லை.

ஒவ்வொரு வகுப்பறையிலும் கரும்பலகைக்கு மேலே தாளாளர் அழகர்சாமியின் படம் மாட்டியிருக்கும். ஒரு காலத்தில் கணக்கு டியூஷன் எடுத்தவர். தினமும் காலையில் அவர் எழுதிய உறுதிமொழியை எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். "என் நேரம் என் பெற்றோருடையது. என் கவனம் என் பள்ளியினுடையது. என் வெற்றி எங்கள் தாளாளருடையது." தமிழ் பேசக்கூடாத பள்ளியில் இது மட்டும் தமிழில் இருந்தது. தாளாளருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது என்பதுதான் காரணம்.

பிரான்சியின் அப்பா பெனடிக்ட் ஒரு மொத்த மருந்துக் கடையில் பில் போடுகிறவர். நாள் முழுக்க மாத்திரைப் பெயர்களை அடித்து அடித்து, மகளாவது அவற்றை எழுதிக் கொடுக்கிற இடத்தில் உட்கார வேண்டும் என்று ஆசை வைத்தார். ஆசை தப்பில்லை. அதற்காக அவர் கண்ணை மூடிக்கொண்டதுதான் தப்பு. மகளை அங்கே விட்டுவிட்டுத் திரும்பும்போது, கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டு, நல்ல கண்டிப்பான இடம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே வண்டியை எடுத்தார்.

சேர்ந்த மூன்றாம் நாள் உறுதிமொழியின் கடைசி வரியில் பிரான்சி பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாக, "அப்போ ஃபெயிலானா யாருடையது?" என்று கேட்டு, தானே சிரித்துவிட்டாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அங்கே சனிக்கிழமை மாலை என்று ஒன்று இருந்தது. ஒவ்வொரு பெண்ணும் அந்த வாரம் விதியை மீறிய இன்னொருத்தியின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். வெற்றுச் சீட்டு போட்டால் போட்டவளே குற்றவாளி. எல்லோரும் எழுதினார்கள், எழுதிவிட்டு எல்லோரும் இல்லை என்று சாதித்தார்கள். ஒரு அறையில் பன்னிரண்டு பேர் படுத்திருந்தாலும் ஒருத்தியை ஒருத்தி நம்ப முடியாமல் செய்ய இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பிரான்சியின் பெயர் பெட்டியிலிருந்து வந்தது.

அன்றைக்கே ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண் அவளிடம் வந்து நின்றாள். ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டும் சிவசங்கரின் மகள் அனுசுயா. "நான்தான்டி உன் பேரை எழுதினேன். ஏதாவது பேர் எழுதணுமே, நீ சிரிச்சது மட்டும்தான் ஞாபகம் வந்துச்சு" என்றாள். அந்தக் கோட்டையில் பிரான்சி கேட்ட முதல் உண்மை அதுதான். அவளுக்கு அனுசுயாவை அந்த நிமிடமே பிடித்துப்போயிற்று. இருவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வாராவாரம் நான் உன்னை எழுதுகிறேன், நீ என்னை எழுது, வேறு யார் தலையும் உருள வேண்டாம். இப்படித்தான் வகுப்பில் முதல் இரண்டு மார்க் வாங்குகிற பெண்கள் பள்ளியின் மிக மோசமான குற்றவாளிகள் ஆனார்கள்.

குற்றவாளிக்கு முதல் தண்டனை மன்னிப்புக் கடிதம். அதுவும் தமிழில்தான், பெற்றவர்களுக்குப் புரிய வேண்டுமே. அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று ஆரம்பித்து, என்றைக்கு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், என்ன செய்தேன் என்று விவரமாக எழுதி, "இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி" என்று முடிக்க வேண்டும். அதன்பின் வார்டன் பிரேமலதா மேடம் எண் போட்டு, ஊதா முத்திரை குத்தி, கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்ப்பார். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு பெற்றோர் வரும்போது அந்தக் கடிதத்தின் கீழே அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். தாளாளருக்கு இந்தக் கோப்புகள் என்றால் உயிர். அட்மிஷனுக்கு வருகிறவர்களிடம் அலமாரியைத் திறந்து காட்டி, இங்கே ஒரு தப்புகூடக் கணக்கில் வராமல் போகாது என்பார். வந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டுவார்கள்.

பிரான்சி முதல் கடிதத்தைச் சாதாரணமாகத்தான் எழுதினாள். இரண்டாவதை எழுதும்போது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. போனில் சொல்ல முடியாது. வீட்டுக்கு எழுதும் கடிதத்தைப் பிரித்துப் படித்துக் கிழித்துவிடுவார்கள். ஆனால் மன்னிப்புக் கடிதத்தை மட்டும் அப்பா கட்டாயம் பார்த்தாக வேண்டும், பள்ளிக்கூடமே அவர் முன்னால் கொண்டுபோய் வைக்கும். அப்படியென்றால் அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் மன்னிப்பாகக் கேட்டுவிட்டால் என்ன?

அந்த இரண்டாவது கடிதம் இப்படி இருந்தது. "ஐயா, நேற்று இரவு சாம்பாரில் புழு இருந்ததாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். அது புழு அல்ல, சீரகம் என்று வார்டன் அம்மா விளக்கிய பிறகும் அது நகர்ந்ததைப் பார்த்ததற்காக இன்னொரு முறை மன்னிக்கவும்."

பிரேமலதா மேடம் "மன்னிக்கவும்" என்ற வார்த்தை எத்தனை இடத்தில் வருகிறது என்று மட்டும் பார்ப்பவர். இரண்டு இடத்தில் வந்ததில் அவருக்குத் திருப்தி. முத்திரை விழுந்தது. பிரான்சி ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு வாரம் காத்திருந்தாள். பெனடிக்ட் வந்தார், வரிசையில் நின்றார். பிரேமலதா மேடம் பக்கத்தைப் புரட்டி, "இங்க, அப்புறம் இங்க" என்று விரல் வைத்தார். பெனடிக்ட் பேனாவைத் திறந்து, வால் வைத்த தன் ஆங்கிலக் கையெழுத்தை இரண்டு இடத்திலும் போட்டுவிட்டு, "கொஞ்சம் வாய்த்துடுக்கு மேடம், நீங்கதான் பார்த்துக்கணும்" என்று அசடு வழிந்தார். ஒரு வரி படிக்கவில்லை. பிரான்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த மாதம் இன்னும் நீளமாக எழுதினாள்.

எழுதிக்கொண்டே இருந்தாள். நான்கு நிமிடம் ஜன்னலருகே நின்று மழை பார்த்ததற்கு மன்னிப்பு. தூக்கத்தில் தமிழில் பேசியதற்கும், அதை விடியற்காலை மூன்று மணிக்கு எழுப்பிக் கண்டித்தபோது கொட்டாவி விட்டதற்கும் மன்னிப்பு. வயிற்று வலி நாளில் அனுமதி இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்ததற்கும், அதற்காக நாற்பது பேர் முன்னால் காரணத்தை உரக்கச் சொல்லச் சொன்னபோது குரல் கம்மியதற்கும் மன்னிப்பு. மெல்ல மற்றப் பெண்களும் வந்து, எனக்கும் எழுதிக் கொடுடி என்று நின்றார்கள். பிரான்சி அவர்களிடம் நடந்ததை அக்குவேறு ஆணிவேறாகக் கேட்டு, தேதி, நேரம், வெப்பநிலை, யார் அடித்தார், எதால் அடித்தார் என்று எல்லாவற்றையும் பணிவாகப் பதிவு செய்தாள். பிரம்பு உடைந்துபோகும்படி கையை நீட்டியதற்கு ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். கடிதத்தின் நீளத்தை மட்டும் பார்த்த தாளாளர் ஒருநாள் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே அவளைப் பாராட்டினார். எழுதினால் பிரான்சி மாதிரி விவரமாக எழுத வேண்டும், அதுதான் உண்மையான மனமாற்றம் என்றார். அனுசுயா சிரிப்பை அடக்கத் தன் கையையே கிள்ளிக்கொண்டாள்.

இதெல்லாம் ஒருநாள் சாட்சியாகும் என்று பிரான்சி திட்டம் போட்டாள் என்று சொன்னால் அது கதை. அப்படி எதுவும் இல்லை. அவளுக்குக் கோபம். அப்பா படிக்கமாட்டார் என்று தெரிந்த பிறகு, அந்தச் சுவருக்குள் உண்மை எழுதப்பட்ட ஒரு காகிதமாவது இருக்கட்டும் என்ற வீம்பு. அவ்வளவுதான்.

பிளஸ் டூ வந்தது. பொங்கல் லீவு முடிந்து ஜனவரி பதினெட்டாம் தேதி எல்லோரும் திரும்ப வேண்டும். அனுசுயா காய்ச்சலில் விழுந்து, பத்தொன்பதாம் தேதி காலையில் டாக்டர் சீட்டோடு வந்தாள். முகம் கொதித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் தாமதம். விதிப்படி முதலில் கடிதம், பிறகு தண்டனை. பிரான்சி கடிதம் எழுதிக் கொடுத்தாள், முத்திரை விழுந்தது, மதியம் ஒரு மணிக்கு அனுசுயா மைதானத்தில் முட்டி போட்டாள். அவளுக்குக் காய்ச்சல் மேடம் என்று தமிழில் சொன்ன குற்றத்துக்காகப் பிரான்சியையும் பக்கத்திலேயே முட்டி போடச் சொன்னார்கள்.

இரண்டு மணி தாண்டியதும் அனுசுயா ஏதோ முனகினாள். பிரான்சி திரும்பிப் பார்ப்பதற்குள் முன்பக்கமாகச் சரிந்தாள். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டு மடங்கியது. அந்தச் சத்தத்தைப் பிரான்சி இன்றைக்கும் யாரிடமும் விவரிப்பதில்லை. பள்ளி வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார்கள். மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. செய்முறைத் தேர்வுக்கு மூன்று வாரமும் பொதுத்தேர்வுக்கு ஒன்றரை மாதமும் இருந்தன.

மறுநாள் காலையில் கோட்டை முழுக்க வேறொரு கதை உலவியது. அனுசுயா சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பையனைப் பார்க்கச் சுவரேறிக் குதித்தாளாம், விழுந்து கை உடைந்ததாம். சிவசங்கரிடமும் அதைத்தான் சொன்னார்கள். சத்தமில்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போனால் பெண்ணின் பெயர் கெடாது, தகராறு பண்ணினால் ஊருக்கே தெரிந்துவிடும் என்றார்கள். பாவம், அந்த மனிதர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். மகள் சொன்ன எதையும் அவர் காது கொடுத்துக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பிரான்சியைத் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே பெனடிக்ட் உட்கார்ந்திருந்தார். கடையில் பாதி பில்லில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார், சட்டைப் பையில் இரண்டு பேனா அப்படியே இருந்தன. பிரேமலதா மேடம் ஓரமாக முத்திரையும் இங்க் பேடுமாக உட்கார்ந்திருந்தார். அழகர்சாமி குரலில் தேன் ஒழுகியது.

"நீதான் நல்லா எழுதுவியேம்மா. அனுசுயா சுவர் ஏறிக் குதிச்சதை நீ பார்த்தேன்னு ஒரு பக்கம் எழுதிக் குடு. போதும்."

பிரான்சி, தான் பார்க்கவில்லையே என்றாள். அழகர்சாமி சிரித்தார். பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டெல்லாம் தன் மேஜையில்தான் வந்து இறங்கும் என்று பெனடிக்டைப் பார்த்துச் சொன்னார். பெனடிக்ட் சட்டென்று எழுந்தார். மகளைக் கதவோரம் அழைத்துப்போய், ரெண்டே மாதம், எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடு, அந்தப் பெண்ணை அவர்கள் எப்படியும் அனுப்பத்தான் போகிறார்கள், நீயும் சேர்ந்து ஏன் கெடணும் என்று கெஞ்சினார். பயந்த மனிதர்களைக் கொண்டுதான் இந்த மாதிரிக் கோட்டைகளெல்லாம் நிற்கின்றன, அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அவ என் பக்கத்துலதான்ப்பா விழுந்தா" என்றாள் பிரான்சி. பிறகு மேஜைக்குப் போய்க் காகிதத்தை எடுத்துக்கொண்டாள். பெனடிக்ட் பெருமூச்சு விட்டார்.

ஒரு பக்கம் முழுக்க எழுதி அதைப் பிரேமலதா மேடத்திடம் நீட்டினாள். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா. அந்த வடிவம் கண்ணில் பட்டதும் மேடத்தின் கை தானாக வேலையைப் பார்த்தது. எண் நானூற்றுப் பன்னிரண்டு, ஊதா முத்திரை, கையெழுத்து. அப்புறம்தான் அது தாளாளர் கைக்குப் போனது. அவர் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார்.

"ஐயா, அனுசுயா சுவரேறிக் குதித்ததை நான் பார்க்கவில்லை. அதற்காக மன்னிக்கவும். அன்று மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு அவள் தங்கள் உத்தரவின்படி மைதானத்தில் முட்டி போட்டிருந்து மயங்கி விழுந்ததைத்தான் பார்த்தேன். பொய் எழுதும்படி தாங்கள் கேட்டும் எனக்கு எழுத வராமல் போனதற்காகவும்..."

அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. காகிதத்தை மேஜை டிராயரில் திணித்து அறைந்து சாத்தினார். தேன் எல்லாம் வற்றிவிட்டது. இந்தப் பெண் இனி விடுதியில் இருக்கக்கூடாது, பரீட்சையை மறந்துவிடுங்கள் என்று கத்தினார். அரை மணி நேரத்தில் பிரான்சி பெட்டியோடு கேட்டுக்கு வெளியே நின்றாள்.

தென்னூர் வரும்வரை பெனடிக்ட் வண்டியை ஓட்டிக்கொண்டே திட்டிக்கொண்டு வந்தார். பஞ்சப்பூரில் ஆரம்பித்தது, வீட்டு வாசலில்தான் ஓய்ந்தது. அம்மா அற்புதம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணுக்கு நெஜமாவே காய்ச்சல் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

அப்ப சரி என்றாள் அற்புதம்மாள். இரண்டு நாள் கழித்துக் கணவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மகளைக் கூட்டிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டு போய் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினாள்.

சிவசங்கர் முதலில் அவர்களை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, யாரையும் பார்க்கமாட்டாள் என்று வாசலை அடைத்து நின்றார். பிரான்சி அங்கேயே நின்று நடந்ததைச் சொன்னாள். அவ்வளவு பெரிய பள்ளிக்கூடம் வாய்கூசாமல் பொய் சொல்லுமா என்று அவர் கேட்டார். சொல்லும், ஆனால் அதே பள்ளிக்கூடம் உண்மையையும் முத்திரை குத்தி அலமாரியில் வைத்திருக்கிறது என்றாள் பிரான்சி. பத்தொன்பதாம் தேதி கடிதத்தில் என்ன எழுதினாள் என்பதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். உள்ளே கட்டுப்போட்ட கையோடு கேட்டுக்கொண்டிருந்த அனுசுயா, அதைத்தான்ப்பா நான் வந்த அன்னிக்கே சொன்னேன் என்று கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். சிவசங்கர் வாசலை விட்டு விலகி உள்ளே போனார். பிறகு ஆட்டோ சாவியை எடுத்துக்கொண்டார்.

அன்று திங்கட்கிழமை. கலெக்டர் ஆபீஸ் வாசலிலேயே ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து பிரான்சி மனு எழுதினாள். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் அதேதான். மன்னிக்கவும் மட்டும் எங்கேயும் வரவில்லை.

அடுத்த வாரமே மாவட்டத்திலிருந்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். இருசம்மாள் என்று பெயர். அதிர்ந்து பேசாத, ஆனால் எதையும் இரண்டு முறை கேட்கிற அம்மாள். இரண்டு பெண்களும் பெற்றவர்களும் பள்ளிக்கு வரவழைக்கப்பட்டார்கள். பெனடிக்டும் வந்தார், இன்னும் மகளோடு பேசாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. இவ்வளவு ஆனபிறகும் அவர் மனசுக்குள் தாளாளரிடம் எப்படிச் சமாதானமாகப் போவது என்ற கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அழகர்சாமி அசரவில்லை. இங்கே யாரையும் கொடுமைப்படுத்துவதில்லை, எல்லாம் முறைப்படி நடக்கிறது என்றார். என்ன முறை என்று இருசம்மாள் கேட்டார். அந்தக் கேள்விக்காகவே பத்து வருடம் காத்திருந்தவர்போல அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து, ஏழு கோப்புகளையும் தன் கையாலேயே தூக்கிவந்து மேஜையில் அடுக்கினார்.

"ஒவ்வொரு தப்பையும் பிள்ளைங்களே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க மேடம். பேரண்ட்ஸ் கையெழுத்தோட இருக்கு. நீங்களே பாருங்க."

பிரேமலதா மேடத்துக்கு மட்டும் அப்போதுதான் ஏதோ உறைத்தது. அவர் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

இருசம்மாள் கடைசிக் கோப்பிலிருந்து ஆரம்பித்தார். சீக்கிரமே பத்தொன்பதாம் தேதி கடிதம் வந்தது. அதை நிதானமாக, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். "இன்று காலை வார்டன் அம்மா பார்த்தபோதும் எனக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு இருந்தது. அதற்காக மன்னிக்கவும். மதியம் ஒரு மணி முதல் நான்கு மணி வரை மைதானத்தில் முட்டி போட எனக்கு உத்தரவாகியிருக்கிறது. நடுவில் மயங்கி விழுந்தால் அதற்கும் இப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." கீழே முத்திரையும் தேதியும் வார்டன் கையெழுத்தும் பளிச்சென்று இருந்தன. ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்குச் சேர்த்தீர்கள் என்று கேட்டார். அழகர்சாமி வார்டனைத் திரும்பிப் பார்த்ததும், அதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக்கொள்கிறேன் என்று குறித்துக்கொண்டார். சிவசங்கர் எழுந்து மகளின் கட்டுப்போட்ட கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதார்.

இருசம்மாள் முந்தைய கோப்புகளையும் புரட்டினார். ஓர் இடத்தில் நிறுத்தி, கோப்பைப் பெனடிக்ட் பக்கம் திருப்பி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்றார். பெனடிக்ட் குனிந்தார். தன் கையெழுத்துதான், வால் வைத்த அதே கையெழுத்து. அதற்கு மேலே இருந்ததை அப்போதுதான் படித்தார். சாம்பார், சீரகம், அது நகர்ந்தது. அடுத்த பக்கத்தைத் தானே திருப்பினார். மழை. அடுத்த பக்கம், வயிற்று வலி, நாற்பது பேர். ஒவ்வொன்றின் அடியிலும் அவர் இருந்தார். பில்லில் விரல் ஓட்டுவதுபோல வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனார். வெளியே மதியச் சாப்பாட்டு மணி அடித்தது, அவர் நிமிரவில்லை. கடைசியில் மகளைப் பார்த்துக் கேட்டார்.

"இதையெல்லாம் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னேனேப்பா. ஒண்ணு விடாம உங்களுக்குத்தான்ப்பா எழுதினேன்."



இருசம்மாள் இரண்டு பெண்களின் ஹால் டிக்கெட்டும் வந்த உடனே தர வேண்டும், அனுசுயா சொல்லச் சொல்ல எழுத ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும், கோப்புகள் ஏழையும் தான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு, மற்றப் பெண்களிடம் பேச விடுதிப் பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் அழகர்சாமி இறங்கி வந்தார். பெனடிக்டின் அருகில் நாற்காலியை இழுத்துப்போட்டு, டைப் செய்த காகிதம் ஒன்றை நீட்டினார். பிள்ளைகள் விஷயம், பெரிதாக்க வேண்டாம், நீங்களும் நானும் பெரியவர்கள், எல்லாவற்றையும் சுமுகமாக முடித்துக்கொள்ளலாம், பிரான்சிக்கு ஸ்பெஷல் கோச்சிங்கே கொடுக்கிறேன் என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலையும் வைத்துக் காட்டினார்.

பெனடிக்டின் கை பழக்கத்தில் பேனாவை எடுத்துவிட்டது. பிரான்சி பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை, எதுவும் சொல்லவும் இல்லை. இரண்டு வருடமாகச் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் எழுதி முடித்திருந்தாள்.

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. பிறகு பெனடிக்ட் தாளாளரின் விரலைப் பிடித்துக் காகிதத்திலிருந்து நகர்த்தி வைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். அழகர்சாமி, எல்லாம் வழக்கமானதுதான் சார், படிக்க ஒன்றும் இல்லை என்றார். பெனடிக்ட் படித்து முடித்துவிட்டு இன்னொரு முறையும் படித்தார். என் மகள் மனநிலை சரியில்லாமல் கற்பனையாக எழுதிய கடிதங்கள் என்று அதில் நாலாவது வரியில் இருந்தது.

"இது பொய் சார். நான் போட மாட்டேன்" என்றார் பெனடிக்ட். பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டு மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.